வரைபடத்தில் இல்லாத மாடியின் வெயில்

நடந்தவை வரிசையாக:

1. மலேசியாவின் கிள்ளானில் ஒரு பழைய கிடங்கை இடித்துவிட்டு எட்டு மாடிக் குடியிருப்பு கட்ட, நான் வேலை செய்யும் அலுவலகம் வரைபடம் கொடுத்தது.
2. பின்சந்துக்கு அந்தப் பக்கம், வரிசை வீடு ஒன்றில் இருக்கும் ஓர் ஆன்டி, தன் வீட்டு வெயில் போய்விடும் என்று நகராண்மைக் கழகத்துக்கு ஆட்சேபம் எழுதினார்.
3. பக்கத்து வீடுகள் ‘இப்போது இருக்கிற நிலையில்’ அவற்றின்மேல் நிழல் எப்படி விழும் என்று காட்டச் சொல்லி நகராண்மையிடமிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது.
4. கடிதம் என் மேசைக்கு வந்தது.

கட்டடத்தின் நிழலைக் காட்டுவது பெரிய வேலையில்லை. இடத்தையும் வடக்கையும் சரியாகக் கொடுக்க வேண்டும். எங்கள் மென்பொருள் தீர்க்கரேகையைப் பார்த்து ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தை எடுத்துக்கொள்ளும். மலேசியாவில் சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணிக்கு மேல்தான் என்று அதைத் திருத்த வேண்டும். இதெல்லாம் அரை நாளில் முடிந்தது. ஆனால் நிழல் விழ ஒரு வீடு வேண்டும். கணினியில் அந்த வீட்டையும் நான்தான் கட்ட வேண்டும்.

நகராண்மையில் இருக்கும் பழைய வரைபடத்தின்படி ஆன்டி வீட்டின் பின்புறம் வெறும் முற்றம். பிற்பகலில் கிடங்கின் நிழல் அங்கே ஏற்கெனவே விழுகிறது. எங்கள் கட்டடம் வந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நேரில் போனால் முற்றமே இல்லை. சமைக்கும் குசினியைப் பின்சந்து வரை நீட்டி, மேலே கான்கிரீட் தளம் போட்டிருந்தார்கள். அந்த வரிசையில் எல்லா வீட்டையும் போல, அனுமதி இல்லாமல். தளம் முழுக்க மோர் மிளகாயும் வடகமும் காய்ந்துகொண்டிருந்தன. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அவர் அனுப்புகிறார். குடும்பம் ஓடுவது அதில்தான்.

தளத்தைச் சேர்த்ததும் படம் மாறியது. உயரத்தில் இருக்கும் தளத்துக்குக் கிடங்கின் நிழல் எட்டாது; இப்போது சாயங்காலம் வரை வெயில். எங்கள் கட்டடம் வந்தால் இரண்டரை மணிக்கே நிழல் தளத்தை மூடிவிடும்.

பாஸிடம் காட்டினேன்.

“பழைய பிளான்ல இருக்கறத மட்டும் போடுமா. ஈஸி லா.”

“‘இப்போது இருக்கிற நிலையில்’னு கேட்டிருக்காங்க, பாஸ்.”

“போட்டா அந்த ஆன்டிக்குத்தான் நோட்டீஸ் போகும். நல்லது பண்றேன்னு போயி அவங்க குசினிய ஒடச்சிடாத.”

அதுவும் உண்மைதான். கடைசியில், “அவங்களையே கேட்டுட்டு செய்,” என்றார்.

சனிக்கிழமை மறுபடியும் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். வண்டி தாமதம், பாதி வழி நின்றுகொண்டே போனேன். ஆன்டியின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து முதல் படத்தைக் காட்டினேன்.

“இதுல என் மாடி எங்கம்மா?”

“இதுல இல்ல ஆன்டி. இத அனுப்புனா உங்களுக்கு நஷ்டமே இல்லாத மாதிரி தெரியும். அடுத்த படத்துல மாடி இருக்கு, நஷ்டமும் தெரியும். ஆனா நகராண்மை மஜ்லிஸ்காரங்க மாடியையும் பாத்துருவாங்க.”

“நல்லா இருக்கே கதை! வெயில் வேணும்னா திருட்டு மாடிய நானே காட்டிக் குடுக்கணுமா?” சிரித்தார். பிறகு கேட்டார்: “நீ அவங்க ஆளா, என் ஆளா?”

“அவங்க ஆளுதான் ஆன்டி. சம்பளம் அங்கதான் வருது. ஆனா படம் சரியா இருக்கணும்.”

“சரி, மூணு மணிய காட்டு. நாலு.”

மாடி உள்ள படத்தைத் திறந்து நேரத்தை நகர்த்திக் காட்டினேன். இரண்டிலும் தளம் கறுப்பாக இருந்தது. ஆன்டி மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார்.

“போட்டுரு,” என்றார். “வெயில் போச்சுன்னா இந்த மாடிய வச்சிக்கிட்டு நான் என்ன டான்ஸா ஆடப் போறேன்?”

மாடி உள்ள படத்தையே அனுப்பினோம். பாஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மேல் மூன்று மாடிகளைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லி எங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. நில உரிமையாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படித் தள்ளினால் தளத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் வெயில் கிடைக்கும். வடகம் காய அது போதுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தளத்துக்கு அனுமதி வாங்கச் சொல்லி ஆன்டிக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. எதிர்த்தரப்பில் இருப்பதால் அந்த அனுமதிக்கான வரைபடத்தை நான் வரைந்து தர முடியாது. வரைந்து தரும் வேறு ஒருவரிடம் ஆன்டியை அனுப்பியிருக்கிறேன். இரண்டு கடிதங்களுக்கும் இன்னும் முடிவு வரவில்லை.