அண்ணனுக்கு வாங்கிய நாற்காலி

எனக்கு ஒரு அண்ணன் உண்டு. ஏழு வருஷமாக அவரோடு பேச்சு கிடையாது. பேச்சு இல்லை என்றால் பார்த்துக்கொள்வதே இல்லை என்று அர்த்தமில்லை. பாறசாலையில் இரண்டு வீடும் அடுத்தடுத்த தெருவில்தான். ஒரே சர்ச்சுக்குத்தான் போகிறோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று இருக்கை போட்டிருப்பதால் தொல்லை இல்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அண்ணனின் மனைவி மூலமாகச் சொல்வோம். அவரை நான் மைனி என்று கூப்பிடுவேன். மூன்றடி தூரத்தில் நான் நின்றாலும் அண்ணன் மைனியைப் பார்த்து, "அவகிட்ட சொல்லு" என்றுதான் தொடங்குவார். அவர் சொல்வது எனக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் மைனி அதைத் திரும்ப என்னிடம் சொல்லி முடிக்கிறவரை நான் காது கேட்காதவள் மாதிரி நிற்பேன். எங்கள் பக்கத்தில் சண்டைக்கு இப்படி ஒரு முறை உண்டு. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சண்டை நிலத்தில் தொடங்கியது. அப்பாவின் சொத்தைப் பாகம் வைத்தபோது, அம்பூரிப் பக்கம் ரோட்டோரத்து ரப்பர்த் தோட்டத்தை அண்ணன் எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே இருந்த சரிவை என் தலையில் கட்டினார். பாதி பாறை, பாதி முள். "கெட்டிக்குடுத்த பெண்ணுக்கு இதே கூடுதலாக்கும்" என்று நிலம் அளக்க வந்தவர் முன்னால் வைத்துச் சொன்னார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அந்தச் சரிவில் விளைவித்துக் காட்டுகிறேன் பார் என்று இறங்கினேன். தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. லீவு நாள் என்று ஒன்று வந்தால் அம்பூரி பஸ்ஸில்தான் என்னைப் பார்க்கலாம். நாலு வருஷம் கல் பொறுக்கினேன், முள் வெட்டினேன், பிறகு மண் கூட்டி மரச்சீனிக் கம்பு, அதாவது மரவள்ளி, நட்டேன். கம்பு முளைத்தது, கிழங்கும் இறங்கியது. தின்றது காட்டுப்பன்றி. ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷம், அடியோடு.

மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர், "அத வித்துப்போட்டு நிம்மதியா இரி" என்று போனில் சொன்னார். விற்கலாம். வாங்குவது யார்? காட்டோரத்து நிலத்துக்கு வேறு எவன் வருவான்? கீழே தோட்டம் வைத்திருக்கிற என் அண்ணன்தான் வருவார். மூன்றாம் வருஷமும் கிழங்கு கைக்கு வராவிட்டால் நிலம் அவருக்குப் போய்ச் சேரும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

பயிரை அழிக்கிற பன்றியைச் சுட இங்கே பஞ்சாயத்தில் மனு கொடுக்கலாம். அனுமதி கிடைத்தால், துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்து ஒருவர் வந்து சுடுவார். மனு கொடுத்தேன். சில நாளைக்கு அனுமதியும் கிடைத்தது. பட்டியலில் அந்தப் பக்கத்துக்கு இருந்த ஒரே ஆள், பட்டாளத்தில் இருந்து திரும்பி வந்த என் அண்ணன். வேறு ஆள் வேண்டுமென்றால் இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். பன்றி ஒரு மாதம் பொறுக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு அவர் வீட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

வரமாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் சர்ச்சில் நாலு பேர் அவரைத்தான் பேசுவார்கள். அதனால் வருவதாக ஒத்துக்கொண்டு, குறுக்கே ஒரு கட்டையைப் போட்டார்.

"அவகிட்ட சொல்லு, எனக்கு டிஸ்க்கு தள்ளியிருக்கு. தரையில இருந்தா பின்ன எழும்ப முடியாது. நல்லொரு கசேர வேணும். மடக்கிக் கையில தூக்கிட்டுப் போகணும். நடுவு நோகப்பிடாது. அனங்கினா கிறீச்சுண்ணு சத்தம் வரப்பிடாது. இல்லேண்ணா வேற ஆளப் பாக்கச் சொல்லு."

மைனி என் பக்கம் திரும்பினார். "மக்கா, அவருக்கு ஒரு கசேர வேணுமாம்."

"தலையாணியும் போர்வையும் வேண்டாமாண்ணு கேளுங்க மைனி."

"வேண்டாம்ணு சொல்லு" என்றார் அண்ணன், தென்னையைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த நாலு நாளும் எனக்கு நாற்காலிதான் பிழைப்பு. முதலில் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைச் சரிவுக்குத் தூக்கிப் போய் உட்கார்ந்து பார்த்தேன். மழை பெய்து இளகிய மண். நாலு காலும் நாலு ஆழத்துக்கு இறங்கி, நான் மல்லாக்க விழுந்தேன். யாரும் பார்க்கவில்லை, நல்ல காலம். எழுந்து அந்த நாற்காலியை ஒரு மிதி மிதித்தேன். அடுத்து, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற இரும்பு மடக்கு நாற்காலியில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். மூச்சு விட்டாலே அது கத்தியது. அதில் ஆள் உட்கார்ந்தால் பன்றி அகஸ்தியமலைக்கே ஓடிவிடும்.

கடைசியில் உதியன்குளங்கரையில் ஒரு கடைக்குப் போனேன். சுற்றுலா போகிறவர்கள் பைக்குள் மடக்கி எடுத்துப் போகிற துணி நாற்காலிகள் அங்கே இருந்தன. ஒன்றை விரித்துப் போட்டு உட்கார்ந்து, என் குடையைத் தோளில் வைத்துக் குறி பார்த்தேன். முழங்கை நாற்காலியின் கையில் இடித்தது. அடுத்ததில் உட்கார்ந்தேன். அதில் குளிர்பானம் வைக்க ஒரு வலைப்பை தொங்கியது, குடையின் நுனி அதில் போய் மாட்டிக்கொண்டது. கடைக்காரர் கல்லாவை விட்டு வந்துவிட்டார்.

"சேச்சி, இது எந்து பரிபாடியா?" இது என்ன கூத்து என்று மலையாளத்தில் கேட்டார்.

"பன்னிக்கு வெடி வைக்கணும்" என்றேன். அவர் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். பஞ்சாயத்து அனுமதி, அண்ணனின் டிஸ்க் என்று விவரம் சொன்ன பிறகுதான் அருகில் வந்தார்.

நல்ல மனிதர். தோள் வரைக்கும் மட்டும் சாய்வு உள்ள ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். கை இல்லை, சத்தம் இல்லை, காலடியில் மண்ணில் இறங்காதபடி அகலமான ரப்பர்க் குமிழ். என் கண் அதற்குப் பக்கத்தில் இருந்ததன்மேல் போனது. இடுப்புக்குப் பஞ்சு, முதுகுக்குப் பஞ்சு, தலை முழுக்க உள்ளே போகிற உயரத்துக்குச் சாய்வு, கரும்பச்சைத் துணி.

"சேச்சி, அங்ஙோட்டும் இங்ஙோட்டும் திரும்பி நோக்கணும்னா சாய்வு குறைஞ்சதாக்கும் நல்லது. இதில இருந்தா பின்னால ஆன வந்நாலும் தெரியாது."

அவர் சொன்னது சரி. அது எனக்கும் புரிந்தது. ஆனால் சாய்வு குறைந்ததை வாங்கிப் போனால், "எனக்க நடுவு ஒடியட்டும்ணு வேணும்னே வாங்கியிருக்கா" என்று அந்த மனுஷன் ஊர் முழுக்கச் சொல்வார். அந்த வாயை அடைக்க வேண்டும். குறை சொல்ல ஒரு நூலிழை இடம் இருக்கக் கூடாது. உயரமானதையே கட்டச் சொன்னேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பன்றியைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. பகையோடு பார்த்துப் பார்த்து வாங்கிய நாற்காலி அது.

அன்று சாயங்காலம் மூவரும் ஜீப்பில் போனோம். மைனிக்கு மூச்சு வாங்கும், மேலே ஏற முடியாது. அவர் கீழே ரோட்டில் ஜீப்பிலேயே இருந்துகொண்டார். பன்றி வருகிற தடத்தைக் காட்ட நிலத்துக்காரி கூட வர வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்ததால் நான் ஏறினேன். ஏழு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஓரிடத்தில் இருந்தது அன்றைக்குத்தான். தடத்தைக் கை நீட்டிக் காட்டினேன், அவரைப் பார்த்து அல்ல, பாறையைப் பார்த்து. அவர் நாற்காலியை விரித்தார். ஆட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார், காது வைத்துக் கேட்டார். குற்றம் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் முகம் தொங்கியதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் அவருக்குப் பின்னால் நாலு எட்டு தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். இருட்டு மெல்லக் கட்டியது. ஏழு மணி இருக்கும். அவை நான் காட்டிய தடத்தில் வரவில்லை. இடப்பக்கம், பாறை இடுக்கு வழியாக வந்தன. ஒரு பெரிய பெட்டைப்பன்றி, பின்னால் மூன்று குட்டிகள். வந்ததும் மண்ணைக் கிளறத் தொடங்கின. கிழங்கு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணன் நேரே முன்னால் பார்த்தபடி இருந்தார். அவர் தலை அந்தச் சாய்வுக்குள் புதைந்து கிடந்தது.

ஒரு சொல் போதும். "அண்ணா" என்று கிசுகிசுத்தால் திரும்பிச் சுட்டிருப்பார். என் வாய் திறக்கவில்லை. கல்லெறிந்தால் பன்றி ஓடிவிடும், நாளைக்குத் திரும்பவும் வரும். இரண்டு எட்டு வைத்து அவர் தோளைத் தொட்டிருக்கலாம். அதுவும் பேசின மாதிரிதானே? மைனி மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால், "மைனி, அவருகிட்ட சொல்லுங்க, எடப்பக்கம் பன்னி நிக்குது" என்று சொல்லியிருப்பேன். சிரிக்காதீர்கள், அப்போது அந்த நினைப்புத்தான் எனக்கு வந்தது. இங்கே நான் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அங்கே என் கிழங்கு மூடு மூடாக, செடி செடியாகப் போய்க்கொண்டிருந்தது. வாயைத் திற, வாயைத் திற என்று என்னையே திட்டினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வயிறு நிறையத் தின்றுவிட்டு அவை வந்த வழியே போயின. சற்று நேரம் கழித்து அண்ணன் எழுந்து, நாற்காலியை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். பாதி நிலம் உழுது போட்டது போலக் கிடந்தது. மிச்சப் பாதி நின்றது. அந்த நாற்காலியைச் சபித்தேன். அதன் சாய்வைச் சபித்தேன், அதை விற்ற நல்ல மனிதரையும் விடவில்லை. அப்போது கீழே ஜீப் வந்து நின்றது. மைனி ஒவ்வொரு கல்லாகப் பிடித்து ஏறி வந்தார். பின்னால் அண்ணனும் ஏறி, தன் எல்லையில் ஒரு ரப்பர் மரத்தடியில் நின்றுகொண்டார்.

மைனிக்கு மூச்சு இரைத்தது. "மக்கா, நேத்து பன்னி வந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் அவர விளிக்கல்ல?"

நான் மண்வெட்டியால் ஒரு மண்கட்டியை உடைத்தேன். "கசேரச் சாய்வு மறச்சிட்டு, அவருக்குக் கேக்கல்ல" என்றேன்.

"கேட்டுது மக்கா. அவருக்கு மொதல்லயே கேட்டுது. நீ ஒரு தடவ அண்ணாண்ணு விளிப்பியாண்ணு பாத்துட்டு இருந்தாராம். விளிச்சிருந்தா திரும்பிச் சுட்டிருப்பாராம். இத சொல்லச் சொன்னாரு."

மண்வெட்டி என் கையில் இருந்தது. அதை அவர் மேல் எறிந்துவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்தது. ஒரு சொல்லைக் கேட்பதற்காக என் பாதி நிலத்தைப் பன்றிக்குப் போட்டிருக்கிறார்! மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, நான் வாங்கிக் கொடுத்த பஞ்சில் சாய்ந்துகொண்டு!

"அவருகிட்ட சொல்லுங்க மைனி" என்று கத்தினேன். "இவரு மனுசனே இல்லேண்ணு சொல்லுங்க!"

"கேட்டாச்சுண்ணு அவகிட்ட சொல்லு" என்று அண்ணன் அங்கிருந்து கத்தினார். "மிச்சம் வேணும்னா வாயத் தொறந்து கேக்கச் சொல்லு. இண்ணைக்கும் வாறேன்."

மைனி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் கண்ட அந்தச் சாதுவான முகம் சிவந்துபோனது. "போங்க ரெண்டுபேரும்! நான் என்ன தபால்காரியா? ஏழு வருசமாட்டு எனக்க தொண்ட காஞ்சு போச்சு. இனி நீங்களாச்சு, உங்க வாயாச்சு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிப் போய்விட்டார்.

எங்களுக்கு நடுவில் பத்தடி தூரம்தான் இருந்தது. அவர் மரத்தடியில் நின்றார். பன்றி தோண்டிப் போட்ட குழிகளுக்கு நடுவில் நான் நின்றேன். அனுமதியில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. பாதிக் கிழங்கு மண்ணுக்குள் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போனார். அன்று சாயங்காலம் அவர் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. மிச்சமும் அந்த வாரத்திலேயே போயிற்று.

கிறிஸ்மஸ் கழிந்ததும் நிலத்தை விற்றேன். வாங்கினது அவர்தான். பத்திரம் எழுதுகிறவரின் மேஜைக்கு முன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். மைனி வரவில்லை. பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உங்களுக்குள் என்ன உறவு என்று கேட்டார். அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர் இருந்தார். எழுதுகிறவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழைய பாகப் பத்திரத்தைப் புரட்டி, இரண்டு பெயருக்கும் மேலே ஒரே அப்பாவின் பெயர் இருப்பதைக் கண்டு, தானே எழுதிக்கொண்டார்.