மணி அடித்தது, குறிப்பு வரவில்லை

இன்டர்நெட் போனில் மணி அடிக்கும் முன்பே இரண்டு கருவிகளும் தங்களுக்குள் எழுத்தில் பேசி முடித்துவிடும். அந்த எழுத்துக்கு விதி எழுதுவதுதான் என் பிழைப்பு. என்ன வேலை என்று யார் கேட்டாலும் விழிக்கிற சக பாவிகளே, உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

மாமனார் கேட்டார்

எனக்குக் கல்யாணமான புதிது. திண்டுக்கல்லில் என் மாமனாருக்குப் பூக்கமிஷன் மண்டி. ஒரு நாள் என் வேலையைப் பற்றிக் கேட்டார். ஒரே அழைப்புக்குள் பேசுவதற்கான விவரம், போட்டோ, எழுதிய குறிப்பு என்று பல பகுதிகளை வைத்து அனுப்பலாம். அவற்றை எப்படி அடுக்குவது, அந்தப் பக்கம் எப்படிப் பிரிப்பது என்று நான் வகுக்கிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அம்புட்டுத்தானா மாப்ளே? பார்சல் ஆபீஸ்னு சொல்லிருந்தா பொண்ணு குடுக்க இம்புட்டு யோசிச்சிருக்க மாட்டமே.”

வராத மணி

என் பெருமையைக் காட்ட ஆசை வந்தது. கொச்சியில் பூக்கடை வைத்திருந்த அவர் தம்பிக்குப் புதுக் கருவி கொடுத்தேன். மண்டியில், ஆபீசில் கழித்துப் போட்ட பழைய கருவியை வைத்தேன். மறுநாளைக்கு என்ன பூ வேண்டும் என்று தம்பி குறிப்பு வைத்து அழைப்பார், அது மண்டியில் திரையில் தெரியும் என்று ஏற்பாடு.

பழைய கருவிக்குக் குறிப்பு வாசிக்கத் தெரியாது என்பதை நான் பார்க்கவில்லை. புரியாத பகுதி ஒன்று இருந்தாலும் அழைப்பையே திருப்பி அனுப்பு என்பது நான் எழுதிய விதி. கருவி விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தது. கொச்சிக்குப் பூ ஏற்றிப் போகும் சாயங்கால வண்டி கிளம்பும்வரை மணியே அடிக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மாமனார் டீ வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“கடுதாசி வாசிக்கத் தெரியலேன்னா, கொண்டாந்த ஆளையுமா வாசலோட அனுப்புவாக?”

வந்த மணி

அன்றைக்கே விதியை மாற்றினேன். புரியாத பகுதியை விட்டுவிட்டு மணியை அடி. குறிப்பு போனால் போகட்டும், பேசித் தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்துத் தம்பியிடம் இதைச் சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாமனார் உடனே லோடு ஏற்றச் சொல்லிவிட்டார். ஒரு மிஸ்டு கால் வந்தால் வழக்கம்போல் அனுப்பு என்று அர்த்தமாம். அண்ணன் தம்பிக்குள் நெடுநாள் பழக்கம். அதை நான் கேட்டதே இல்லை.

கொச்சியில் அதற்கு அடுத்த நாள் கடையடைப்பு. ‘பூ வேண்டாம்’ என்று குறிப்பு எழுதி, அதுதான் திரையில் தெரியுமே என்று, காசை மிச்சம் பிடிக்கும் பழக்கத்தில் தம்பி ஒரே மணியோடு வைத்திருக்கிறார். மண்டியில் இருந்த என் கருவி குறிப்பை விட்டுவிட்டு மணியை மட்டும் கொடுத்தது.

மல்லிகை மூட்டைகள் போன வண்டியிலேயே பழுப்பேறித் திரும்பின. சாணார்பட்டியில் பூந்தோட்டம் வைத்திருக்கும் பாக்கியம் அக்கா தன் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “யாருண்ணே பாத்த வேலை இது?” என்று கேட்டார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். கூசிப் போய்த் தரையைப் பார்த்தேன். மாமனார் என் பக்கம் திரும்பவே இல்லை.

“லைன் கோளாறும்மா. நம்ம மாப்ளதான் பாவம், சரி பண்ணிக்கிட்டு இருக்காரு.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் ‘இது கட்டாயம்’, ‘இதை விட்டாலும் பரவாயில்லை’ என்று தனித்தனியாகக் குறிக்கிற விதியை எழுதிவிட்டேன் என்றாலும், மாமனார் வீட்டு இலையில் மட்டும் எதையும் ஒதுக்கி வைக்கிற தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.