பம்ப் ரூமில் ஓடிய எமரிப் பட்டை

கம்பெனி கதவை மூடிய பிறகுதான் நான் மாமனார் வீட்டில் இருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்தே அங்கேதான் இருந்தேன். என் மனைவி அவர்களுக்கு ஒரே பெண். தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். இரும்புலியூரில் இருந்த அவள் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். தனிக்குடித்தனம் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். விடியும்போது மின்சார ரயிலைப் பிடித்துப் போய், இருட்டிய பிறகு திரும்பி வந்து சாப்பிட்டுப் படுப்பவனுக்கு அது யார் வீடாக இருந்தால் என்ன?

எழுபதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டில் பூட்டும் ஒரு நோட்டீஸும் தொங்கின. லாக் அவுட். நான் அங்கே டூல் ரூமில் ஃபிட்டர். மற்ற மெஷின்களுக்கு வேண்டிய அச்சும் கருவியும் செய்கிற இடம் அது. ஒரு வாரம், பத்து நாள் என்று யூனியன்காரர்கள் சொன்னார்கள். மழைக்காலம் வந்து போயிற்று. கதவு திறக்கவில்லை.

பகல் வேளையில் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. என் மனைவி டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போனதும் நாங்கள் மூன்று பேர். ரயில்வே ஆபீஸில் ரிட்டயர் ஆன மாமா முன்னறையில் பேப்பரும் ரேடியோவுமாக உட்கார்ந்திருப்பார். சமையலறை அத்தையுடையது. மிச்சம் இருந்தது எங்கள் படுக்கையறை. அதற்குக் கதவு இருந்தது. ஆனால் பகலில் அதைச் சாத்திக்கொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. தெருவில் இறங்கினால் எதிர்வீட்டுக்காரர், "இன்னும் தொறக்கலையா தம்பி?" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சர்ச் வாசலிலும் அதே கேள்வி. சிலர் கேட்கக்கூட மாட்டார்கள். என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருப்பார்கள்.

அத்தை என்னோடு நேராகப் பேசியதில்லை. "அவருக்குக் காபி வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வார். மகள் இல்லாத பகலில் டம்ளரை மேஜைமேல் சற்றுச் சத்தமாக வைப்பார். நான் எடுத்துக் குடித்துக்கொள்ள வேண்டும்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் கத்தி செய்ய ஆரம்பித்தேன். என் பெட்டியில் தேய்ந்துபோன அரங்கள் கிடந்தன. அரம் நல்ல எஃகு. நெருப்பில் போட்டு இளக்கி, வடிவம் கொடுத்து, மறுபடி பழுக்கவைத்து எண்ணெயில் முக்கினால் கெட்டிப்படும். அதுவரை எல்லாம் சுலபம். அதன்பிறகு வெட்டுகிற வாயைத் தேய்த்து எடுப்பதில்தான் சிக்கல். கெட்டியான எஃகைக் கையரம் கடிக்காது. சாணைக்கல்லில் வைத்தால் ஒரு நொடியில் சூடேறி, ஓரம் நீலமாகிவிடும். நீலம் ஏறிவிட்டால் அந்த இடம் செத்துவிட்டது என்று பொருள். பிறகு தக்காளியைக்கூட வெட்டாது. இப்படி நாலைந்து கத்திகளைப் பாழாக்கினேன்.

கம்பெனியில் பாலிஷ் போடும் இடத்தில் ஒரு மெஷின் உண்டு. இரண்டு சக்கரங்கள்மேல், இரும்பைத் தேய்க்கிற சொரசொரப்பான எமரித் துணி ஒரு பட்டையாக ஓடிக்கொண்டே இருக்கும். நீளமான பட்டை என்பதால் சுற்றி வருவதற்குள் ஆறிவிடும். இரும்பும் அவ்வளவாகச் சூடாகாது. அதுபோல் ஒன்றை நானே செய்தால் என்ன என்று தோன்றியது. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பம்ப் ரூம் ஒன்று இருந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதால் பம்ப் ஓடி ரொம்ப நாளாகியிருந்தது. ஆனால் மோட்டார் நல்ல மோட்டார்.

மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, அந்தப் பம்ப் மோட்டார நான் எடுத்துக்கலாமா?"

பேப்பரை இறக்கினார். "எதுக்கு மாப்பிள்ளை?"

"ஒரு கிரைண்டர் பண்ணலாம்னு."

"மாவு அரைக்கவா?"

"இல்ல மாமா. கத்தி தீட்ட."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு கிளார்க் போஸ்ட் காலியாகுதாம். பாஸ்டர்கிட்ட உங்களப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன்."

என் மனைவி வேலை பார்க்கும் அதே பள்ளி. "சரி மாமா" என்றேன்.

"மோட்டார எடுத்துக்குங்க. கரண்ட்ட பாத்து யூஸ் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

மோட்டாரும் கிளார்க் வேலையும் ஒரே பேச்சில் என் தலையில் வந்து சேர்ந்தன.

சக்கரத்துக்கு இரும்பு கட்டுப்படியாகாது. மரத்தில் கடையலாம் என்று தாம்பரம் மார்க்கெட் பக்கம் கட்டில் கால் கடைகிற பட்டறைக்குப் போனேன். வரைந்து காட்டியதும் கடைசல்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? சக்கரம்னா சமமாதானே இருக்கணும்? நடுவுல தொப்ப வெக்க சொல்ற."

"தொப்ப இருந்தாதான் பட்டை நடுவுல நிக்கும். இல்லன்னா ஓரமா நழுவிடும்."

"இன்னா பட்டை?"

சொன்னேன். "வூட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டு மரத்தை லேத்தில் மாட்டினார்.

மோட்டாரைப் பம்ப் ரூமில் ஒரு பழைய மேஜைமேல் பொருத்தினேன். பெரிய சக்கரம் மோட்டார் தண்டில். அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். சின்னச் சக்கரம் மேலே, பேரிங்கில். அதைத் தாங்கும் கையை ஒரு கதவுக் கீலில் பொருத்தி, பின்னால் ஒரு போல்ட் வைத்தேன். போல்ட்டைத் திருகினால் சக்கரம் இம்மி சாயும், பட்டை நடுவுக்கு வரும். எமரித் துணியை நீளமாகக் கிழித்து, இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, தச்சர்கள் பலகை ஒட்டுகிற வஜ்ரத்தைக் காய்ச்சி ஒட்டினேன். அந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. "என்னத்தக் காய்ச்சறார்னு கேளு" என்று அத்தை மகளிடம் சொன்னது சமையலறையிலிருந்து கேட்டது.

முதல் பட்டை சுவிட்சைப் போட்டதும் பறந்து போய்ச் சுவரில் அடித்தது. அடுத்தது ஒட்டிய இடத்தில் அறுந்தது. ஒட்டை ஒரே நேராகப் போடாமல் சாய்த்துப் போட்ட பிறகுதான் ஒரு பட்டை நின்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த ஒட்டு மட்டும் தப் தப்பென்று தட்டிக்கொண்டு ஓடியது. கெட்டியான கத்தியை மெல்ல அதில் வைத்தேன். பொறி பறந்தது. எடுத்து விரலால் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மறுபடி வைத்தேன். வெள்ளையாக, சுத்தமாக ஒரு சரிவு விழுந்தது. கம்பெனி மூடியபிறகு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் மோட்டார் ஓடினால் வீட்டில் விளக்கு மங்கும், ரேடியோவில் குரல் அமுங்கும். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கம் வருவார். கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போவார். அடுத்த வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்ப்பார். அதனால் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வாங்கி மாட்டினேன். அந்த வீட்டில் நான் போட்டுக்கொள்ள முடிந்த ஒரே தாழ்ப்பாள் அது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வேன். மோட்டார் ஓடாத நேரத்திலும் சும்மா உட்கார்ந்திருப்பேன். சுற்றிலும் சுவர், மேலே கொதிக்கும் கூரை. அங்கேயும் நான் அடைபட்டுத்தான் இருந்தேன். ஆனால் அடைத்தது நான்.

கோடை ஆரம்பித்த ஒரு மத்தியானம். இரும்புத் தூசி மூக்கில் ஏறாமல் இருக்க ஒரு துண்டை வாயையும் மூக்கையும் மூடிக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தேன். பட்டை ஓரம் நழுவுகிற மாதிரி இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து போல்ட்டைத் திருகினேன். துண்டின் தொங்கிய முனை பட்டைக்கும் கீழ்ச் சக்கரத்துக்கும் நடுவில் போனதை நான் பார்க்கவில்லை. தலையை யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. பட்டை கழன்று விழுந்தது. துண்டு தண்டில் சுற்றிக்கொண்டது. என் கன்னம் மேஜைப் பலகையில் அழுந்தியது. எப்படியோ இடது கை கழுத்துக்கும் துண்டுக்கும் நடுவே போய்விட்டது. அதுதான் என்னைக் காப்பாற்றியது.

மோட்டார் சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டே நின்றது. சுவிட்ச் பழைய பம்புக்குப் போட்டது, எதிர்ச் சுவரில். கால் எட்டவில்லை. ஃபியூஸ் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, அடிக்கடி போகிறது என்று மாமா தடித்த கம்பியாகப் போட்டு வைத்திருந்தார். வலது கையால் மேஜையைத் தடவினேன். அன்று தேய்த்துக்கொண்டிருந்த கத்தி கையில் பட்டது. வாய் எடுக்காத கத்தி. அதை வைத்துத் துண்டை அறுத்தேன், அறுத்தேன், ஒரு நூல்கூட அறுபடவில்லை. தீட்டி முடித்த கத்திகள் சுவரில் ஆணியில் வரிசையாகத் தொங்குவது தெரிந்தது, கைக்கு எட்டவில்லை. கூப்பிட முயன்றேன். சத்தம் வரவில்லை. மோட்டாரிலிருந்து கருகுகிற வாசனை வந்தது. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திடீரென்று உறுமல் நின்றது. துண்டு கொஞ்சம் இளகியது. முன்னறையில் மாமாவின் குரல்: "கரண்ட் போச்சா?"

"நான்தான் மெயின நிறுத்தினேன். நீங்க தூங்குங்க" என்றார் அத்தை.

பிறகு செருப்பில்லாத கால்கள் கிணற்றடியைத் தாண்டி வரும் சத்தம். "மாப்ள" என்றார் கதவுக்கு வெளியிலிருந்து. அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கதவத் தொறங்க."

சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றித் துண்டை விடுவித்துக்கொண்டு, எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். அத்தை என் கழுத்தைப் பார்த்தார், தண்டில் கிடந்த நூல்களைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"சத்தம் மாறிச்சு" என்றார். "பம்ப்புல கல்லு சிக்கினா இப்படித்தான் உறுமும். எத்தன வருஷம் கேட்டிருக்கேன்."

தண்டில் ஒட்டியிருந்த ஒரு நூலை உருவி எடுத்தேன்.

"சுவிட்ச கை எட்டற எடத்துக்கு மாத்துங்க. துண்டு வேணாம். இந்தத் தாழ்ப்பாளையும் கழட்டிடுங்க."

"அத்தை, யாராவது வந்துகிட்டே இருக்காங்க. அதுக்குத்தான்—"

"தெரியுது மாப்ள. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு கதவையும் தாழ் போட்டதில்ல" என்றார். கோபமாகவோ வருத்தமாகவோ இல்லை. அவ்வளவுதான் சொன்னார். செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே தாழ்ப்பாளைக் கழற்றினேன். திருகாணி இருந்த ஓட்டைகள் கதவில் அப்படியே இருந்தன. மனைவி வந்து என் கழுத்தில் சிவந்திருந்த கோட்டைப் பார்த்து என்னவென்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள், "துண்டு இறுக்கிடுச்சு, மஞ்சள் போடு" என்றார் அத்தை. மாமாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

படுத்தபிறகு எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "அஸ்தினாபுரத்துல எங்க டீச்சர் ஒருத்தங்க வீட்டுப் பின்போர்ஷன் காலியா இருக்கு. போயிடலாமா?" என்றாள்.

"உங்கப்பா என்ன சொல்வாரு?"

"என்னையும்தான் காலைல எங்க போற, எப்ப வருவேன்னு கேக்கறாரு. நீங்க இப்ப வீட்டுல இருக்கறதாலதான் அது எப்படின்னு உங்களுக்குத் தெரியுது."

அவளையும் அப்படிக் கேட்கிறார் என்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது. இவ்வளவு நாளும் நான் மட்டும்தான் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் சம்பளம் இல்லாதவன் எந்த வாயோடு போய் வீடு கேட்பது? அஸ்தினாபுரம் வீட்டுக்கு அந்த மாதமே வேறு யாரோ வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் மோட்டாரைப் போட்டால் அத்தை முறத்தில் அரிசியோடு கிணற்றடிக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார். தனியாக இருக்கும் சுகம் எனக்கு அதோடு போயிற்று. ஆனால் இடையிடையே பேச்சு வந்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு சர்ச் பெண்கள் சிலர் கேக் வெட்டக் கத்தி கேட்டார்கள். கைப்பிடி இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும் என்று சொன்னது அத்தைதான். குரோம்பேட்டையில் தோல் வெட்டுகிற ஒருவர் வளைந்த கத்திகள் செய்து வாங்கிக்கொண்டு போனார்.

கம்பெனி ஒருவழியாகத் திறந்தபோது எல்லோரையும் எடுத்துக்கொள்ளவில்லை. டூல் ரூமை அடியோடு மூடிவிட்டார்கள். மாமா சொல்லி வைத்திருந்த போஸ்ட் ஒருவழியாகக் காலியாகி, அடுத்த வருஷம் ஜூன் மாதம் நான் பள்ளி ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதல் நாள் மாமா எனக்காக ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். நானும் மனைவியும் சேர்ந்து நடந்து போனோம், சேர்ந்து நடந்து வந்தோம். திரும்பி வரும்போது ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க முடியாமல் லாரிகளுக்காக நின்றோம். "நாளைக்கு அசெம்பிளி. சீக்கிரம் கிளம்பணும்" என்றாள்.

"சரி" என்றேன்.

ஒரு லாரி போனதும் அடுத்தது வந்தது. நாங்கள் இந்தப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.