மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் பிரேக்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் ஜீப் காட்டிலும் மேட்டிலும் ஓடவே பிறந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும், பாறை ஏறும், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கும். வாங்கிய மூன்று வருடத்தில் அது பார்த்த பெரிய பள்ளம், கடை வாசலில் குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்டதுதான். ஆனால் தயாராக இருப்பது என்று ஒன்று இருக்கிறதே, அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

போன மாதம் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டினார். உயர்த்தியதில், பிரேக் எண்ணெய் போகும் பழைய ரப்பர் ஹோஸ்கள் நீளம் போதாமல் விறைத்து நின்றன. சக்கரம் குழியில் தொங்கினால் இழுபட்டு அறுந்துபோகும். எனவே எஃகுக் கம்பி பின்னிய நீளமான ஹோஸ்களை வரவழைத்தார். வாஷர்கள் மட்டும் இரண்டு செட், எதற்கும் இருக்கட்டுமே.

"ஒரு மணி நேர வேலை மாப்ள, கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க" என்றார் மனைவியின் அண்ணன். லாரிப் பட்டறை வைத்திருப்பவர்.

அதுதான் கூடாது. இந்த வீட்டில் குழாய் ஒழுகியதும் கதவு இறங்கியதும் மச்சான் கைபட்டுத்தான் சரியாயின. அதற்கு முன்னால் மாப்பிள்ளை என்னென்ன செய்து பார்த்தார் என்பதை, சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், மச்சான் நடித்தே காட்டிவிடுவார். ஸ்பேனர் பிடிக்கும் அழகு உட்பட. பிரேக் விஷயத்திலாவது அவர் வாயை அடைத்துவிட வேண்டும்.

பிரேக் ஹோஸை மாற்றினால் உள்ளே காற்று புகுந்து, பெடல் மெத்தென்று அமுங்கும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, சின்னத் திருகைத் திறந்து மூட. மிதிக்க மனைவி வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், அன்றைக்கு விடுப்பு.

"அஞ்சு மணி வரைக்கும்தான் என் கால். அதுக்குள்ள பெடல் கெட்டியாகலைன்னா அண்ணனுக்குப் போன் போட்டுடுவேன். தெருவுல ஆளுங்க நடமாடுறாங்க."

"அஞ்சா? மூணுக்கே முடிஞ்சிடும்." அவர் சக்கரத்தருகே படுத்துக்கொண்டார்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடி."

"பிடிச்சிருக்கேன்."

திருகு திறந்தது. எண்ணெய் குமிழிகளோடு, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் வழியே பாட்டிலில் இறங்கியது. திருகு மூடியது.

"விடு."

பின்சக்கரங்கள் ஒழுங்காக முடிந்தன. முன்சக்கரங்களுக்கு வந்ததும் ஆரம்பித்தது வினை.

"என்னங்க, இது பெடலா, பஞ்சுத் தலையணையா?"

இன்னும் இருபது தடவை மிதி, பிடி, விடு.

"இப்ப?"

"தலையணைக்கு உறை போட்டிருக்கு."

"குமிழியே வரலையே! காத்தெல்லாம் போயிடுச்சு."

"அப்ப என் காலு பொய் சொல்லுதா?"

வாஷரைப் பார்த்தார். மூட்டுகளைத் துடைத்துப் பார்த்தார். கையேட்டின் அதே பக்கத்தை மூன்றாம் முறை படித்தார். அது தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மணி மூன்றே முக்கால். மனைவி போனைக் கையில் எடுத்தபடி கீழே இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இதுதான் காத்து வெளிய வர்ற வழியா?"

"ஆமா."

"கீழ இருக்கே."

"எது?"

"வழிதாங்க. நான் ஊசி போடுறப்ப சிரிஞ்சை எப்படிப் பிடிப்பேன்?"

கடைக்காரரின் விரல்கள் தானாகவே மேல்நோக்கி நிமிர்ந்தன. "மேல பாத்து. காத்து மேல ஏறும், தட்டினா..." அங்கேயே நின்றது வாக்கியம்.

நடந்தது இதுதான். சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு காலிப்பர்களையும், தேவையே இல்லாமல், முந்தின நாள் கழற்றிச் சிவப்புப் பெயின்ட் அடித்து, ஷெட்டின் இரும்புக் கம்பியில் உலர விட்டிருந்தார். வலப்பக்கத்தது வலது கோடியில், இடப்பக்கத்தது இடது கோடியில். வெகு ஒழுங்கு. ஆனால் இருபது வருடமாக எதிரே உட்காரும் முகங்களுக்குக் கண்ணாடி மாட்டும் கை அது. எதிராளியின் வலது கண் தன் இடது பக்கம் என்று பழகிய கை. கம்பியையும் ஒரு வாடிக்கையாளராக நினைத்து மாற்றி எடுத்துவிட்டது. இடம் மாறிய காலிப்பர்களில் திருகு அடியில் போய்விட, காற்று உச்சியில் கால்நீட்டிப் படுத்துக்கொண்டது.

"வர்றவங்களுக்கெல்லாம் பார்வை சரிபண்றீங்க" என்றார் மனைவி.

மறுபடி கழற்றி, புது வாஷர் போட்டு, பக்கம் மாற்றிப் பூட்டி, மிதி, பிடி, விடு. காற்று கொத்துக் கொத்தாக வந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மனைவி கடைசியாக ஒருமுறை பலம்கொண்ட மட்டும் அழுத்தினார்.

"கல்லு."

இருபத்திரண்டு வருட இல்லறத்தில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. அதோடு விட்டாரா மனைவி? போனையும் எடுத்தார்.

"அதான் சரியாயிடுச்சே! எதுக்குப் போனு?"

"நல்ல சேதி சொல்லக் கூடாதா? சும்மா இருங்க." ஸ்பீக்கரைப் போட்டார். "அண்ணா, பிரேக் முடிஞ்சிடுச்சு. அவரேதான் செஞ்சாரு. ஒரு குறையும் இல்ல."

மறுமுனையில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே மச்சானின் குரல் எழுந்தது.

"நெசமாவா? பரவால்லையே மாப்ள! கெட்டிக்காரர்தான் போங்க."

மூன்று குழாய், ஒரு கதவு, எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த வார்த்தை. மனைவி போனை அணைக்க விரலைக் கொண்டுபோனார். அதற்குள் கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டார்.

"மச்சான், இதுல ஒரு சுவாரஸ்யம் கேளுங்க. காத்து எப்பவும் மேலதானே போகும்? இப்ப ரெண்டு காலிப்பரையும் ஒருத்தர் பக்கம் மாத்தி மாட்டிட்டார்னு வைங்க..."

மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரு மாப்ள அந்த ஒருத்தர்?"

"நான்தான். ஆனா அதுக்கு ஒரு காரணம் இருக்கு மச்சான்."

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. மச்சான் யாரையோ கூப்பிடுவதும், நாலைந்து பேர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நெருங்கி வருவதும் தெளிவாகக் கேட்டது.

"இருங்க மாப்ள, நம்ம பசங்களும் கேக்கட்டும். மொதல்லேர்ந்து சொல்லுங்க."

இவ்வளவு ஆர்வத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயின்ட் வாங்கப் போனதிலிருந்து ஆரம்பித்தார்.