தங்கராசு போட்ட தளம்

முத்தம்மாள் மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமப்பவள். கணவர் தங்கராசு கொத்தனார். மகள் சந்தியாவைப் பெண் பார்க்க வருவதற்குள் கூரை வீட்டைக் கான்கிரீட் வீடாக்கிவிட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. அந்தக் கோடையில் நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை. கொல்லையில் இருந்த போர்வெல்லில் வந்த கரிப்புத் தண்ணீரிலேயே கலவை போட்டு மேல்தளம் போட்டார் தங்கராசு.

சந்தியா கல்யாணமாகிக் கிளியனூருக்குப் போனாள். சில வருடங்கள் கழித்துக் கூடத்துத் தளத்தின் அடியில் செம்பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. மழை ஒழுகல் என்று நினைத்தார்கள். ஆனால் வெயில் காலத்திலும் கறை நீண்டது. பிறகு கம்பி ஓடும் தடத்திலேயே நேராக விரிசல் விட்டது. பெருக்கும்போது சிமெண்ட் சில்லுகள் வந்தன. ஒட்டடைக் கம்பால் தட்டிப் பார்த்தாள் முத்தம்மாள். சில இடங்களில் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது.

"ஏங்க, இது மேல்பூச்சுக் கோளாறு இல்ல. உள்ள என்னமோ ஆயிருக்குது."

"உப்புக் காத்துல எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான். பூசிடறேன்."

பூசினார், வெள்ளையும் அடித்தார். அடுத்த கோடைக்குள் அதே இடம் வெடித்தது.

பள்ளிக் கட்டட வேலைக்கு வந்திருந்த இன்ஜினியர் கௌதமை முத்தம்மாளே போய் அழைத்து வந்தாள். அவர் உளியால் லேசாகச் சுரண்டினார். உள்ளே இருந்த கம்பி செதில் செதிலாக உதிர்ந்தது.

"துரு ஏறினா கம்பி பருத்துடும்மா. அதுதான் கான்கிரீட்ட உடைச்சுத் தள்ளுது. மேல பூசினா விரிசல் மறையும், அவ்வளவுதான். இதுக்குக் கீழ யாரும் இருக்காதீங்க" என்றவர், "எந்தத் தண்ணியில கலந்தீங்க?" என்று கேட்டார்.

தங்கராசு எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றே முத்தம்மாள் பாயையும் பாத்திரத்தையும் பின்னால் இருந்த ஷீட் கொட்டகைக்கு மாற்றினாள். "கொழந்தைய தூக்கிக்கினு இப்ப வராத" என்று, பிள்ளை பெற்றிருந்த சந்தியாவுக்கு போன் செய்தாள். தங்கராசு அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலை, முத்தம்மாள் ரேஷன் கடையில் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டு அர்ச்சுனன் ஓடி வந்தார்.

"அக்கா, சீக்கிரம் வா. மாமா உள்ள மாட்டிக்கினாரு."

ஏணி போட்டு, கலவைச் சட்டியோடு தளத்தின் அடியைப் பூச ஏறியிருக்கிறார் தங்கராசு. மழையில் ஊறிய தளம் அவர் மேலேயே விழுந்துவிட்டது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒருமுறைதான் கண் விழித்தார்.

"கொழந்த வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு பாத்தேன்."

"பண்ணிடலாங்க" என்றாள் முத்தம்மாள். மறுநாள் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் சந்தியா அம்மாவைக் கிளியனூருக்கு அழைத்துப் போனாள். மதியம் குழந்தையைப் பாட்டியின் மடியில் போட்டாள். முத்தம்மாள் அண்ணாந்து அந்த வீட்டுத் தளத்தை மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பாக்கற?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.