கண்ட்ரோல் தட்டில் முளைத்தது

ஈஸ்டை வளர்ப்பது சுலபம், சாகவேண்டிய ஈஸ்டைச் சாகவைப்பதுதான் கஷ்டம். காலேஜ் டீம் என்று ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையும் லேப்புக்கு ஓடுகிறவர்களே, உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டாவது முடித்து, ஸ்கூல் பையைக்கூட மாற்றாமல், சயான் பக்கம் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி சேர்ந்தேன். ஆள் குறைகிறது என்று சீனியர்கள் டீமில் இழுத்துப் போட்டார்கள். தண்ணீரில் செம்பு இருந்தால் பச்சையாக ஒளிர்கிற ஈஸ்டை உருவாக்க வேண்டும். அதற்கான ஜீனை ஈஸ்டுக்குள் ஏற்றிக் காட்டாவிட்டால் லேப் மேஜை வேறு டீமுக்குப் போய்விடும், பிராஜெக்ட் அதோடு சரி.

வீட்டில் விளக்கம்

தாராவியில் வாப்பாவுக்குத் தோல் பை தைக்கிற பட்டறை. மேலே வீடு. என்ன படிக்கிறாய் என்று கேட்டார்கள், சொன்னேன். பேக்கரியில் மாவைப் பொங்கவைக்கிற அதே ஈஸ்ட்தான், அதற்குள் வேறொரு ஜீனை வைக்கிறோம் என்றேன்.

"அந்த ஈஸ்ட்டு போட்டு ரொட்டி சுடலாமா?" என்றாள் உம்மா. கூடாது என்றேன். வாப்பா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "திங்கவும் ஆவாது, விக்கவும் ஆவாது. பொறவு எதுக்குட்டி அதப் போட்டு வளக்குதிய?"

கேபிள் சந்து

சோதிக்கச் சாக்கடைத் தண்ணீர் வேண்டும். பழைய கேபிளை உரித்துச் செம்பு எடுக்கிற பட்டறை எங்கள் தெருவுக்குப் பின்னால்தான். டீம் லீடர் அபர்ணாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் வருஷம், மாட்டுங்கா வீடு, கையில் கிளவுஸ். கிளவுஸைப் பார்த்ததுமே பட்டறைக்காரர் செய்யது மாமா வந்து பாட்டிலைப் பிடுங்கிவிட்டார். "முனிசிபாலிட்டி ஆளா?" அபர்ணா இங்கிலீஷில் ரிசர்ச், சாம்பிள் என்று ஆரம்பித்தாள். அவர் முகம் இன்னும் இறுகியது.

"காலேஜ் பாடம் மாமா. பட்டற பேரு எங்கயும் வராது" என்றேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் உடனே விடவில்லை. "வந்துச்சுன்னா உங்க வாப்பாகிட்ட போவ மாட்டேன். நேரா உன்கிட்டதான் வருவேன்."

தட்டு நிறைய

எங்கள் ஈஸ்டுக்கு யூராசில் என்கிற சத்தைத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. நாங்கள் ஏற்றுகிற ஜீனோடு அந்தத் திறமையும் சேர்ந்து போகும். அதனால் யூராசில் இல்லாத தட்டில், ஜீன் ஏறிய ஈஸ்ட் மட்டும்தான் பிழைக்கும். ஜீனே ஏற்றாத ஈஸ்டை இன்னொரு தட்டில் வைப்போம். அது கண்ட்ரோல். அது பட்டினி கிடந்து சாகணும்.

டீமுக்குப் பொறுப்பான குல்கர்ணி மேடத்திடம் காட்டவேண்டிய அன்று காலையில் திறந்தால், ஜீன் ஏற்றிய தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக முளைத்திருக்கிறது! அபர்ணா கத்தினாள், போட்டோ எடுத்தாள், குரூப்பில் போட்டாள். நான் கண்ட்ரோல் தட்டை எடுத்தேன். அதிலும் அதேபோல் மொசுமொசுவென்று. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஜீன் ஏறியிருக்குன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டுவிட்டேன். அபர்ணா போனைக் கீழே வைத்தாள். "ஒரு நிமிஷம் சந்தோஷமா இருக்க விடமாட்டியா நீ?"

டிராயருக்குள்

காரணம் அலமாரியில் இருந்தது. தட்டில் ஈஸ்டுக்குத் தீனியாகக் கலக்கிற பொடியில் யூராசில் உள்ளது, இல்லாதது, இரண்டுமே வெள்ளை, பக்கத்துப் பக்கத்து டப்பா. உள்ளதைப் போட்டுத் தட்டு தயாரித்தது அபர்ணா. அதாவது, பட்டினி போடவேண்டிய ஈஸ்டுக்கு விருந்து வைத்திருக்கிறோம். அவள் கண்ட்ரோல் தட்டை டிராயருக்குள் தள்ளினாள். "மேடத்துகிட்ட ஒண்ணை மட்டும் காட்டலாம். மேஜை போயிடுத்துன்னா மறுபடி பண்ணவே முடியாது." அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். "மேடம் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்க்கா" என்றேன்.

குல்கர்ணி மேடம் வந்தார். தட்டைத் தூக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "கண்ட்ரோல் எங்கே?" நான் வாயைத் திறப்பதற்குள் டிராயர் திறக்கிற சத்தம். அபர்ணாவேதான். டப்பா மாறியதையும் அவளே சொன்னாள். மேடம் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும். அதுக்கு மேல என்னால மேஜையைப் பிடிச்சுவெக்க முடியாது."

கழுவலாமா?

அந்த வாரம் நானும் அபர்ணாவும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. பொடியை அவள் அளந்தாள், டப்பா மேலிருந்த பெயரை நான் சத்தமாக வாசித்தேன். வெள்ளிக்கிழமை கண்ட்ரோலைத்தான் முதலில் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள், சாய்த்தாள், திருப்பினாள். துளிகூட இல்லை. ஜீன் ஏற்றிய தட்டில் ரவை சிந்தினாற்போல அங்கங்கே சில புள்ளிகள், அவ்வளவு போதும். மேடம் குனிந்து பார்த்துவிட்டு, மேஜை உங்களுக்கே என்றார். அபர்ணா காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள்.

வாசலில் பக்கெட்டோடு நின்ற அட்டெண்டர் ஷிண்டே எங்களையும் தட்டையும் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "அதுல ஒண்ணுமே இல்லியே, கழுவப் போட்டுடவா?"

மொத்தத்தில், எங்கள் வேலையில் சந்தோஷப்படுவதென்றாலும் பக்கத்துத் தட்டில் எல்லாம் செத்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் படணும்.