மூணும் நாப்பதும்

அந்த வேலையைப் பகலில்தான் செய்ய வேண்டும் என்று குன்வோர் ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஊர் உலகமெல்லாம் இதை ராத்திரிதான் பண்ணுது," என்றான் எஸ்கில். "ராத்திரி கூட்டம் கம்மி. வேலை சுலபமா முடியும்."

"ராத்திரி ஹால்ல மூணு பேர்தான் இருப்பாங்க. பகல்ல பதினொரு பேர். ஏதாவது கெட்டுப்போச்சுன்னா எனக்கு ஆள் வேணும்."

"கெட்டுப்போகாது, குன்வோர்."

"சொல்லிட்டல்ல? இப்பதான் எனக்கு நெஜமாவே பயமா இருக்கு."

எஸ்கில் அவளோடு கணினி வேலை பார்ப்பவன், ஒஸ்லோக்காரன், நாற்பது வயது, கெட்டிக்காரன். எங்கள் பெர்கன் ஊரின் மழையைத் தவிர வேறெதற்கும் அலுத்துக்கொள்ளாதவன். குன்வோருக்கு அறுபது. எங்கள் அலுவலகத்துக் கணினிகளெல்லாம் அவள் பொறுப்பு. லிஃப்டை நம்பாமல் ஐந்து மாடியும் படியேறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, "எல்லாம் ஓடுதா?" என்று கேட்பாள். ஓடுகிறது என்று சொன்னாலும் நம்பாமல் தானே ஒருமுறை பார்ப்பாள். கணவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம்; மகன் ஸ்டாவாங்கரில் எண்ணெய்க் கப்பலில் இருக்கிறான்; கடலில் காற்று அடித்தால் அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் கிடையாது. "ஏன்டி இப்படிச் சாகுற?" என்று நான் திட்டினால், "பயப்படாதவங்களப் பார்த்தாதான் எனக்குப் பயமா இருக்கு" என்பாள். அவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

நான் ஹெர்டிஸ். அதே மாடியில், அவளுடைய கண்ணாடி அறைக்கு வெளியே இருக்கும் ஹாலில், இருபத்திரண்டு வருஷமாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தனியாக வாழும் வயதானவர்கள் மணிக்கட்டில் ஒரு பொத்தான் கட்டியிருப்பார்கள். விழுந்தால், மூச்சு முட்டினால், அதை அமுக்குவார்கள். அழைப்பு எங்கள் ஹாலுக்கு வரும். வீட்டிலிருக்கும் பெட்டியின் ஒலிபெருக்கி வழியாக நாங்கள் பேசுவோம், தேவைப்பட்டால் நர்ஸை அனுப்புவோம். இந்தக் கரையோரத்தில் ஒன்பதாயிரம் கைகளில் அந்தப் பொத்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்றுகூட நாங்கள் ஒரு நிமிஷம் கடை சாத்தியதில்லை.

எனக்குக் கணினி விஷயம் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் குன்வோர் எங்கள் ரொட்டிப் பொட்டலங்களை மேஜையில் வரிசையாக வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஆட்களின் பெயர், விலாசம், மருந்து எல்லாம் வேறோர் இடத்தில் டிஸ்க்கில் எழுதிப் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இந்த நொடியில் யார் கூப்பிடுகிறார்கள், யார் எடுத்தார்கள், எந்த நர்ஸ் கிளம்பினாள் என்பது மட்டும் பன்னிரண்டு சர்வர்களின் மெமரியில் இருக்கிறது. டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தால் தாமதமாகும் என்பதால் அதை எங்கும் எழுதுவதில்லை. சர்வர் நின்றால் அதன் மெமரியில் இருந்தது அத்தனையும் போச்சு. அதனால் ஆளுக்கொரு நகல். 31 முதல் 36 வரை உள்ள ஆறும் வேலை செய்பவை. 41 முதல் 46 வரை உள்ள ஆறும் அவற்றின் நகல்கள். 34 விழுந்தால் 44 இரண்டே நொடியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடும்.

அந்தப் பன்னிரண்டிலும் ஓடிய மென்பொருள் பழசாகிவிட்டது. அதிலிருக்கும் ஓட்டைகளை இனி அடைக்க மாட்டோம் என்று செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். புதியதைப் போட வேண்டும். ஹாலில் யாருக்கும் தெரியாமல் போட வேண்டும். முதலில் ஒரு நகலை நிறுத்துவது, புதியதைப் போட்டு எழுப்புவது. எழும்போது அது காலியாக இருக்கும்; தன் ஜோடியிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கி நிரம்ப எட்டு நிமிஷம் ஆகும். நகல்களெல்லாம் முடிந்த பிறகு இடம் மாற்றிவிட்டு மற்ற ஆறும். குன்வோர் இதற்குப் பதினொரு பக்கத்தில் பட்டியல் எழுதியிருந்தாள். ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும்போது அடுத்ததைத் தொடலாம், அது வேறு ஜோடி என்பதால் ஆபத்தில்லை என்று நான்காம் பக்கத்தில் எழுதியிருந்தாள். அதனால் கிடைக்கும் நாற்பத்தைந்து நிமிஷ மிச்சம்தான் அவள் வாழ்க்கையில் துணிந்து செய்த ஒரே காரியம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். எஸ்கில் தட்டச்சு செய்தான். அவள் பட்டியலைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பாள். அவன் தட்டிவிட்டு, திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கடைசி விசையை அமுக்க வேண்டும். அது அங்கே சட்டம். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. 46 முடிந்தது. 45 முடிந்தது. 44 எழுந்து நிரம்ப ஆரம்பித்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் நாட்டில் எண் சொல்வதில் இரண்டு கட்சி. நாற்பத்து மூன்றைப் பழைய ஆட்கள் "மூணும் நாப்பதும்" என்பார்கள். எழுபது வருஷத்துக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் இதைத் திருப்பிப் போட்டு "நாப்பத்தி மூணு" ஆக்கிவிட்டார்கள். ஆனால் பெர்கன் வீடுகளில் பாதிக்குமேல் இன்னும் பழைய கணக்குத்தான். நானும் அப்படித்தான் சொல்வேன். குன்வோர் சாதாரண நேரத்தில் புதுசாகச் சொல்வாள். பயந்துவிட்டால் அவள் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான் வாயில் வரும்.

"அடுத்தது, மூணும் நாப்பதும்," என்றாள்.

"மூ...ணும் நாப்...பதும்," என்றான் எஸ்கில், எங்கள் ஊர்த் தொண்டைக் கரகரப்பை அப்படியே இழுத்துக் காட்டி. "என் தாத்தாகூட இப்படிச் சொல்ல மாட்டாரு, குன்வோர்."

நான் இங்கிருந்தே சிரித்தேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவன் வாய் அவள் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னது. அவன் விரல் காதில் விழுந்த வரிசையில் முதலில் மூன்றை அடித்தது, பிறகு நான்கை அடித்தது. கேலி செய்கிற அவசரத்தில் திரையை யாரும் பார்க்கவில்லை. விசையை அமுக்கினான்.

நான் அப்போது போர்கில்ட் என்ற அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். கால் வீங்கியிருக்கிறது என்றாள். என் திரையில் அவள் பெயர் இருந்தது. அடுத்த கணம் இல்லை. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "கேட்குதா ஹெர்டிஸ்?" என்றாள். கேட்குது, கேட்குது என்றேன். நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். திறந்திருக்கும் அழைப்புகள் எத்தனை என்று அங்கே பெரிதாகப் போட்டிருக்கும். 23 என்று இருந்தது 17 ஆகிவிட்டது.

குன்வோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு பேர் எங்க?" என்றாள்.

"எல்லாம் பச்சைதான்," என்றான் எஸ்கில். "எதுவும் நிக்கல. 44 டக்குனு எடுத்துக்கிச்சு பாரு."

"44 எதுக்கு எடுத்துக்கணும்? அது பாதிகூட நிரம்பலையே!"

எஸ்கில் திரையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நிறுத்தியது 34-ஐ. பாதி நிரம்பிய 44, கிடைத்த அரைகுறையையும் செல்லாது என்று துடைத்துவிட்டு, வெறும் கையோடு பொறுப்பேற்றிருந்தது. பிற்பாடு அந்த வேலை வாரக் கடைசிக்குள் முடிந்தது. சேவை ஒரு நொடியும் நிற்கவில்லை என்று மேலதிகாரிகளுக்கு அறிக்கையும் போனது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

ஆனால் அந்த நிமிஷம் குன்வோர் ஹாலுக்கு ஓடி வந்தாள். அதற்கு முன் அவள் குரல் உயர்ந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"ஆறு பேர் தொலைஞ்சு போயிட்டாங்க! பேசிட்டு இருக்கிற யார் திரையில பேர் மறைஞ்சுதோ, லைனை வெச்சுடாதீங்க! கையைத் தூக்குங்க!"

என்னோடு சேர்த்து மூன்று கைகள் உயர்ந்தன. நான்காவது அழைப்பு, ஏற்கெனவே கிளம்பிவிட்ட ஒரு நர்ஸின் போனில் இருந்தது. இன்னும் இரண்டு. யாரும் எடுப்பதற்குள் வரிசையில் காத்திருந்த இரண்டு பேர். அவர்கள் யார், எந்த வீடு, என்ன ஆயிற்று என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"மறுபடி அமுக்குவாங்கல்ல?" என்று கேட்டேன்.

"மாட்டாங்க," என்றாள் குன்வோர். "அழைப்பு போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அவங்க பெட்டியில விளக்கு எரிஞ்சிருக்கும். நாம வர்றோம்னு நெனச்சுட்டுக் கெடப்பாங்க."

அவளுக்குப் பல் அடித்துக்கொண்டது. ஆனாலும் அறைக்குள் போய், 34-இன் பொறுப்பில் இருந்த, ஆறில் ஒரு பங்கான ஆயிரத்து ஐந்நூறு வீடுகளின் பட்டியலை எடுத்து எங்களுக்கெல்லாம் பிரித்துப் போட்டாள். இருவர் வழக்கமான அழைப்புகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் பெட்டிகளின் ஒலிபெருக்கி வழியாக வீடு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தோம். எஸ்கிலும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். குன்வோர் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் பொத்தான் கட்டிய ஒரு ஆளிடம்கூட அவள் பேசியதில்லை.

"லைன் கெடைச்சதும் என்ன சொல்லணும்?"

"பேரைச் சொல்லு. சௌக்கியமான்னு கேளு. அவ்வளவுதான்டி."

எங்கள் ஆட்கள் இருக்கிறார்களே! நல்ல நாளிலேயே நாலு வார்த்தை பேச மாட்டார்கள். அன்றைக்கு ஒருவரும் எங்களை லைனை வைக்க விடவில்லை. "நான் இன்னும் சாகலையே, எதுக்குக் கூப்பிடுற?" என்றார் ஒருவர். ஒரு அம்மா, கூப்பிட்டதுதான் கூப்பிட்டாய், என் பூனைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் போ என்றாள். சிலர் பதில் சொல்லவே இல்லை. கடைக்குப் போயிருக்கலாம், காது கேட்காமல் இருக்கலாம், தரையில் கிடக்கலாம். ஒவ்வொரு மௌனத்துக்கும் ஒரு கோடு போட்டோம். என் தாளில் பத்துக் கோடு ஆகிவிட்டது.

இருபத்திரண்டாவது நிமிஷம் எஸ்கில் எழுந்து நின்றான். ஒரு பாட்டியம்மா உருளைக்கிழங்கு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பொத்தான் தானாக அமுங்கிவிட்டதாம். "மாவுக் கையோட எப்படிப்பா வந்து சொல்றது?" என்றாளாம். அவன் சிரித்தான், கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அடுத்த வீட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒருவர் பாக்கி.

நாற்பது நிமிஷம் தாண்டியது. குன்வோர் கையைத் தூக்கினாள். நான் என் ஹெட்போனை அவள் லைனில் செருகினேன்.

எங்கோ தூரத்திலிருந்து ஒரு மனிதர் மூச்சு விடுவது கேட்டது. இங்வால்ட் நெஸ்ஹெய்ம், எண்பத்தெட்டு வயது, ஒஸ்டெரோய் தீவில் தனி வீடு.

"இங்வால்ட்? கேட்குதா? நான் குன்வோர்."

"குளியலறையில இருக்கேன்," என்றது குரல். "வழுக்கிடுச்சு. எழுந்திரிக்க முடியல."

டூரிட் என்ற நர்ஸை நான் உடனே அனுப்பினேன். அவள் தீவின் மறுமுனையில் இருந்தாள். மழையில் இருபது நிமிஷமாவது ஆகும் என்றாள்.

"எவ்வளவு நேரமா கெடக்குறீங்க?" என்று குன்வோர் கேட்டாள்.

"முக்கால் மணி இருக்கும்."

"ஏன் திரும்ப அமுக்கல?"

"அதான் ஒரு தடவ அமுக்கினேனே. உங்களுக்கு என்னைவிட அவசரமான ஆளுங்க இருப்பாங்க. தொந்தரவு பண்ணக் கூடாதுல்ல."

குன்வோர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். அவள் கேட்கவில்லை.

"உங்க அழைப்பை நாங்க தொலைச்சுட்டோம், இங்வால்ட். இங்க ஒரு வேலை செஞ்சோம், அதுல தப்பு நடந்துபோச்சு. அந்தப் பட்டியலை எழுதினது நான். நீங்க காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது."

மறுமுனையில் ஒன்றுமே கேட்கவில்லை. பத்து நொடி, பதினைந்து நொடி. அவர் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"இங்வால்ட்!"

"இருக்கேன், இருக்கேன்," என்றார். "கத்தாதே. உனக்கு ஏன் இப்படிக் குரல் நடுங்குது?"

"பயமா இருக்கு."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஹெர்டிஸ் இருக்கா."

"நல்லது. உட்கார்ந்துதானே இருக்க? தண்ணி குடி. காப்பி இருந்தா இன்னும் நல்லது. உன் வீடு எந்தப் பக்கம்?"

"லாக்ஸ்வோக்."

"அங்க ஒரு கப்பல் பட்டறையில நான் பதினாலு வருஷம் இரும்பு பத்தவைக்கிற வேலை பார்த்தேன்," என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நின்று மூச்சு வாங்கினார். கப்பல்களின் பெயர் சொன்னார், மேஸ்திரியைத் திட்டினார், ஒருமுறை யாரோ தன் ரொட்டிப் பொட்டலத்தைத் தண்ணீரில் போட்ட கதையைச் சொன்னார். அவர் நிறுத்தும்போதெல்லாம் குன்வோர் "அப்புறம்?" என்று கேட்டாள். அந்த "அப்புறம்"களில் ஒவ்வொன்றும் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டது. குரல் மெலிந்துகொண்டே போனது. வாக்கியங்கள் குட்டையாகின. கடைசி மூன்று நான்கு நிமிஷம் வெறும் மூச்சுத்தான் வந்தது.

பிறகு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காலணிச் சத்தம். டூரிட்டின் குரல்.

"வந்துட்டேன் இங்வால்ட், அசையாதீங்க. எங்க வலிக்குது?"

"இடுப்பு போச்சுன்னு நெனக்கிறேன். அது கெடக்கட்டும்," என்றார் அவர். "நீ முதல்ல அந்தப் பெட்டிகிட்டப் போயி, நான் நல்லா இருக்கேன்னு சொல்லும்மா. அங்க ஒரு பொண்ணு ரொம்பப் பயந்துபோயிருக்கா. இவ்வளவு நேரமா நான்தான் அவளுக்குத் துணைக்குப் பேசிட்டு இருக்கேன்."

டூரிட் பெட்டியருகே வந்து, அவர் நன்றாக இருக்கிறார் என்று சொன்னாள். குன்வோர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நான்தான் சரி என்றேன்.